கிராடியஸ்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டர், அதில் பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர், அதில் கிராடியஸ். ரியூசன் விட்டு பஸ் வரும்வரை நிற்கிற பெடி பெட்டையள் அதைச் சுற்றித்தான் குந்தியிருப்பார்கள். நான் சோல்டரிங் அயனைக் கையில் பிடித்தபடி இருக்க, "அண்ணை, இந்தப் பெட்டி ஏன் மினுங்குது?" என்று ஒரு குரல் வரும். நாளுக்கு நாலு தரம் சொல்லி வாய் உளைந்ததால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் காசு போட்டு விளையாடும் பெட்டிக்காக 1985இல் வெளியிட்டது. வெளிநாடுகளுக்கு 'நெமிசிஸ்' என்ற பெயரில் போனது. விக் வைப்பர் என்ற ஒற்றை விண்கலம் உங்கள் கையில். காட்சி தானாக வலமிருந்து இடமாக நகரும். நிறுத்தவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. எதிரியோ, குண்டோ, நிலமோ எது தொட்டாலும் ஓர் உயிர் போகும்.

இதன் மூத்தது 1981இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஸ்க்ராம்பிள்'. அதில் எரிபொருள் குறைந்துகொண்டே போகும். தரையில் இருக்கும் எண்ணெய்த் தாங்கியைச் சுட்டால்தான் மறுபடி ஏறும். 2022இல் பெற்றோல் கியூவில் இரவு முழுக்கப் படுத்துக் கிடந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஹிரோயாசு மச்சிகுச்சியின் குழு ஸ்க்ராம்பிளுக்குத் தொடர்ச்சி செய்யத் தொடங்கி, கடைசியில் வந்து நின்ற இடம்தான் கிராடியஸ். இதில் எரிபொருள் கவலை இல்லை.

எத்தனை பட்டன்?

காசுப் பெட்டியில் எட்டுத் திசைக்கும் போகும் ஜொய்ஸ்ரிக்கும் மூன்று பட்டன்களும். ஒன்று சுட, ஒன்று மிசைலுக்கு, மூன்றாவது பவருக்கு. வீட்டு ரிவியில் பூட்டி விளையாடும் ரிவி கேமில் இரண்டுதான்: 'பி' சுடும், மிசைலும் அதோடேயே போகும், 'ஏ' பவர்.

புதிதாக வருகிறவர் பவர் பட்டனைத் தொடவே மாட்டார். எதிரியைச் சுட்டால் மிதந்து வரும் கப்சியூலை எடுத்தால் ஆயுதம் தானாக ஏறும் என்று நினைத்துப் பத்து நிமிடம் வெறும் குண்டோடு போராடுவார். மற்ற விளையாட்டுகளில் அப்படித்தான், இதில் இல்லை.

மேல், வலம், சுடு மூன்றையும் ஒன்றாக அமத்தினால் சுடுதில்லையே?

கீபோர்ட்டின் குறை. மலிவுக் கீபோர்ட்டில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது, குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலைதான். சில மூன்று கீகள் சேர்ந்து அழுந்தினால் மூன்றாவது எது என்று அதற்குத் தெரியாமல் விட்டுவிடும். சுடுவதை கொன்ரோல் கீக்கு மாற்றுங்கள். அந்தக் கீ மற்றவற்றோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே இருப்பதால் பெரும்பாலும் சரிவரும்.

கீழே இருக்கிற ஆறு கட்டம் என்ன?

இதுதான் கிராடியஸ். மிச்சமெல்லாம் சுடுகிற விளையாட்டு.

இடமிருந்து வலமாக ஸ்பீட் அப், மிசைல், டபுள், லேசர், ஒப்ஷன், கடைசியில் ஒரு கேள்விக்குறி. ஒப்ஷன் என்பது பின்னால் வரும் உருண்டை, கேள்விக்குறி என்பது ஷீல்ட், அதாவது கவசம். சிவப்பு எதிரியைச் சுட்டாலோ, அணியாக வருகிறவர்களில் ஒன்றையும் தப்பவிடாமல் வீழ்த்தினாலோ ஒரு கப்சியூல் மிதந்து வரும். அதைத் தொட்டால் வெளிச்சம் ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான். பவரை அழுத்தும் நேரம் வெளிச்சம் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அது உங்களுக்கு. உடனே வெளிச்சம் அணைந்துவிடும், அடுத்த கப்சியூல் மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

சீட்டுக் கட்டுகிற அக்காமாருக்கு இது ஒரு தரம் சொன்னாலே விளங்கிவிடுகிறது. முதல் மாதமே கழிவோடு எடுத்தால் தொகை சின்னது, ஆனால் இன்றைக்கே கையில். பொறுத்தால் பெரிசாக வரும். பொறுக்கிற காலத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. இங்கே ஐந்தாவது கட்டத்து ஒப்ஷனுக்காக நாலு கப்சியூலைச் சேர்த்துக்கொண்டு வெறுங்கலத்தோடு பறக்கும்போது குண்டு வந்துகொண்டே இருக்கும்.

பொறுமை கூடினாலும் நட்டம். வெளிச்சம் கேள்விக்குறியில் நிற்கும்போது இன்னொரு கப்சியூலைத் தொட்டால் சுற்றிக்கொண்டு ஸ்பீட் அப்புக்கே வந்துவிடும். போன கிழமை ஒரு தம்பிக்கு இது நடந்தது. வெளிச்சம் ஒப்ஷனில். "அமத்தடா" என்று பின்னால் நின்றவன் கத்துகிறான். முன்னால் ஒரு கப்சியூல், அவன் பாய்ந்து எடுத்தான், கேள்விக்குறி. "சரி, ஷீல்டாவது அமத்து." அதற்குள் இன்னொன்று வந்தது. கை பழக்கத்தில் அதையும் எடுத்தான். ஸ்பீட் அப். அந்த ஆத்திரத்தில் பவரை அழுத்தினான். ஏற்கெனவே நாலு ஸ்பீட் எடுத்திருந்தவன் ஐந்தாவதோடு நேரே பாறையில் போய்ச் சொருகினான். கப்சியூலைத் தொடாமல் விடுவதும் இந்த விளையாட்டில் ஒரு காய்நகர்த்தல்.

எப்போதாவது நீலக் கப்சியூல் வரும். அது வெளிச்சத்தை நகர்த்தாது, திரையில் இருக்கும் சின்ன எதிரிகளை ஒரே அடியாகத் துடைத்துவிடும். கூட்டமான நேரம்வரை அதை மிதக்கவிட்டு எடுக்க முடிந்தால் கெட்டிக்காரர்.

எல்லாம் முழுசாக ஏற்ற எத்தனை கப்சியூல் வேணும்?

கூட்டிப் பார்ப்போம். ஸ்பீட் இரண்டுக்கு 2, மிசைலுக்கு 2, லேசருக்கு 4, நாலு ஒப்ஷனுக்கு ஐந்து ஐந்தாக 20, ஷீல்டுக்கு 6. மொத்தம் 34. ஒன்றும் வீணாகாமல் எடுத்தால்தான் இந்தக் கணக்கு.

முதலில் எதை எடுப்பது?

என் ஒழுங்கு: ஸ்பீட் ஒன்று, மிசைல், ஸ்பீட் இன்னொன்று, ஒப்ஷன், ஒப்ஷன், பிறகு லேசர். லேசரை முந்தி எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் என் கடையில் அவர்கள் முதல் எரிமலையைத் தாண்டிப் பார்த்தது குறைவு.

ஸ்பீட் எத்தனை போதும்?

இரண்டு. தொடக்கத்தில் கலம் சேற்றில் இறங்கிய மாட்டுவண்டி மாதிரி அசையும் என்பதால் ஒன்றாவது கட்டாயம். கூடினால் குறைக்க வழியே இல்லை, செத்தால்தான் குறையும். கடைசிக் கோட்டையின் ஒடுக்கமான வழியில் ஐந்து ஸ்பீடோடு போகிறவர் சுவரோடுதான் மோதுவார்.

டபுளா, லேசரா?

இரண்டும் சேர்ந்து வராது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். டபுள் முன்னுக்கு ஒன்றும் சரிவாக மேலே ஒன்றும் சுடும். கூரையில் தொங்கிக்கொண்டு சுடுகிறவற்றுக்கு நல்லது, ஆனால் முன்னால் போகும் சூடு மெலிந்துவிடும். லேசர் சின்ன எதிரிகளை ஊடுருவிக்கொண்டு போகும். அணியாக வருகிறவற்றை ஒரே கோட்டில் சாப்பிடும். லேசரே என் தெரிவு.

மிசைல் தனி, எதோடும் சண்டை இல்லை. கீழே சரிந்து விழுந்து நிலத்தோடு வழுக்கிக்கொண்டு ஓடும். குளக்கட்டுச் சரிவில் தேங்காயை உருட்டிவிட்டதுபோல மேடு பள்ளம் பார்த்து ஓடுவதைப் பார்க்கவே சந்தோசம்.

ஒரு நுணுக்கம்: வெறும் குண்டு ஒரே நேரத்தில் திரையில் சிலதுதான் இருக்கலாம். முன்னது எதையாவது அடித்து மறைந்தால்தான் அடுத்தது வெளியே வரும். ஆகவே எதிரிக்குக் கிட்டப் போகப்போக உங்கள் சூடு வேகமாகும். தூர நின்று பட்டனைப் போட்டு அடித்து உடைப்பதில் பிரயோசனம் இல்லை. பட்டன் மாற்ற வேண்டியவன் நான்.

பின்னால் வருகிற அந்த உருண்டைகள் என்ன?

அவைதான் ஒப்ஷன். கடைப் பெடியள் அவற்றைக் 'குஞ்சு' என்பார்கள், எனக்கும் அதே பேர்தான் பிடிப்பு. தாய்க்கோழி போன வழியில்தான் குஞ்சும் போகும். நேரே வெட்டி ஓடி வராது. நீங்கள் வளைந்து போனால் அதுவும் அதே வளைவில், கொஞ்சம் பிந்தி. நீங்கள் நின்றால் அதுவும் நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் சுடுவதை அதுவும் சுடும், மிசைலும் போடும். அதற்கு மட்டும் சாவு இல்லை. குண்டு பட்டாலும் பாறைக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது.

இந்தக் கடைசி வரியில்தான் விசயம் இருக்கிறது. நீங்கள் போக முடியாத இடத்தில் குஞ்சை வைக்கலாம். கீழிருந்து நேரே மேலே ஏறி நின்றால் நாலும் உங்களுக்குக் கீழே தூண்போல நிற்கும், திரையின் பாதி உயரத்துக்கு லேசர் சுவர். பின்னிருந்து முன்னால் நேராகப் போய் நின்றால் நாலும் ஒரே வரிசையில் பின்னால் நிற்கும், ஐந்து பேரின் சூடும் ஒரே கோட்டில். எரிமலைக்குத் தூண், அதற்குப் பிறகு வரும் தலைவன் கலத்துக்கு வரிசை.

ஆக, கையால் கலத்தை ஓட்டுகிறீர்கள் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். உண்மையில் குஞ்சுகளை எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் நல்லவர் கலத்தை நகர்த்துகிறார். சும்மா மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் குஞ்சுகளும் ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் ஒழுங்காக அடிபடாது.

ஷீல்ட் இருந்தும் செத்துப்போனேனே?

அது கலத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் மறைக்கும். முதுகும் வயிறும் திறந்தபடி. அடி வாங்க வாங்கச் சிறுத்து இல்லாமல் போகும்.

நல்லா ஆயுதம் ஏற ஏற எதிரியும் கூடுதலா சுடுதே, எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும். நீங்கள் எவ்வளவு பலமாக இருக்கிறீர்கள் என்பதை விளையாட்டு உள்ளுக்குள் கணக்கு வைக்கிறது. விளையாடுகிறவர்கள் இதை 'ராங்க்' என்பார்கள். ஆயுதம் கூடினால் எதிரியின் சூடும் கூடும், உயிர் போனால் குறையும். அதனால் கேள்விக்குறி மினுங்குகிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிக் கட்டுவது எப்போதும் இலாபம் இல்லை. எனக்குத் தெரிய இரண்டு குஞ்சோடு நிதானமாகப் போகிறவர் நாலு குஞ்சோடு பதறுகிறவரைவிடத் தூரம் போகிறார்.

செத்தால் எல்லாம் போகுதே. பிறகு எப்படி விளையாடுவது?

கடையில் ஆகக் கூடக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கும்போது அநேகமாகக் கீபோர்ட்டில் ஒரு குத்தும் விழும்.

உயிர் போனால் செத்த இடத்தில் தொடங்க விடமாட்டான். கொஞ்சம் பின்னால் ஒரு குறித்த இடத்துக்கு அனுப்புவான். ஆயுதம் அத்தனையும் போய்விடும், ஸ்பீடும் போய்விடும். இருபது நிமிடம் சேர்த்தது ஒரு பொட்டுக் குண்டில் இல்லை. அடுத்த ஆண்டு, 1986இல், கொனாமி வெளியிட்ட 'சலமாண்டர்' இதை மாற்றியது. அதில் செத்த இடத்திலேயே மறுபடி தோன்றலாம். கிராடியஸ் அந்த இரக்கம் காட்டாது. எங்கள் ஊரில் இதைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டு வேறு கதைக்குப் போகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கதைக்குப் போகவில்லை. இது விளையாட்டு, இதற்கு வழி இருக்கிறது.

வழி என்னவென்றால் சிவப்பு எதிரி எங்கே வரும் என்று மனப்பாடம் செய்வது. ஒவ்வொரு தரமும் அதே இடத்தில், அதே நேரத்தில்தான் வரும்.

நான் இதைக் கற்றது வேறு வழியில்லாமல். 2002இல் சமாதானம் வந்து ஏ9 வீதி திறந்த பிறகு மாமா வவுனியாவிலிருந்து ஒரு ரிவி கேம் வாங்கி வந்தார். நாங்கள் அப்போது புதுக்குடியிருப்புப் பக்கம். வீட்டுக்குக் கரண்ட் இல்லை. 12 வோல்ட் கார் பற்றறியில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரிவி. கறுப்பு வெள்ளையில் ஏது சிவப்பு? எல்லா எதிரியும் சாம்பல். எது கப்சியூல் தரும், எது தராது என்று நிறத்தைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே "மேலேயிருந்து வருகிற மூன்றாவது" என்று இடத்தை வைத்தே பாடமாக்கினோம். தம்பி கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறி வைத்திருந்தான். பல வருடம் கழித்துக் கலரில் பார்த்தபோது, ஓ, இது சிவப்பா என்று இருந்தது.

எனவே செத்த பிறகு செய்ய வேண்டியது: முதல் கப்சியூல் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீட். இரண்டாவது, மூன்றாவது வருமிடத்தில் முன்கூட்டியே போய் நிற்பது. ராங்க் குறைந்திருப்பதால் எதிரியின் சூடும் மெலிந்திருக்கும், அந்த இடைவெளிக்குள் ஒரு குஞ்சாவது எடுத்துவிட வேண்டும். விளையாட்டின் ஒவ்வொரு ஸ்ரேஜுக்கும் முன்னால் வெறும் வானத்தில் அணிகள் வரும் பகுதி ஒன்று இருக்கிறதே, அது இதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எரிமலையை எப்படித் தாண்டுவது?

முதல் ஸ்ரேஜின் கடைசியில் காட்சி நின்றுவிடும், இரண்டு மலையும் கல்லைக் கக்கும். கல்லைச் சுட்டு உடைக்கலாம். பின்னால் ஒதுங்கி நின்று தூண் முறையில் சுட்டுக்கொண்டிருங்கள்.

அடுத்து வருவது பிக் கோர் என்ற பெரிய கலம். அதன் நடுவில் ஒரு நீலக் கரு, கருவுக்கு முன்னால் வரிசையாகத் தடுப்புகள். தடுப்பை ஒவ்வொன்றாக உடைத்துக் கருவை அடிக்க வேண்டும், மற்ற இடத்தில் எவ்வளவு சுட்டாலும் உறைக்காது. அது நாலு லேசரைச் சமாந்தரமாக விடும். குஞ்சுகளை வரிசையில் வைத்துக் கருவுக்கு நேரே வந்து சுட்டு, அது விடும்போது விலகி, மறுபடி நேரே வாருங்கள்.

அந்தக் கல்லு மூஞ்சிகள்?

மூன்றாம் ஸ்ரேஜில் வரும் மோவாய்ச் சிலைகள், ஈஸ்டர் தீவில் இருப்பவற்றின் சாயல். வாய் திறந்தால் வளையம் வளையமாகத் துப்பும். வாய் திறந்திருக்கும்போது வாய்க்குள் சுட்டால்தான் சாகும். இரணைமடு வான்கதவு திறக்கிற மாதிரித்தான்: திறந்தால் பாயும், நேரே நிற்கக்கூடாது. சரிவாக நின்று குஞ்சை வாய்க்கு நேரே வையுங்கள்.

வீட்டில் இருக்கும் ரிவி கேமில் குஞ்சு இரண்டுக்கு மேல் வருதில்லை. பழுதா?

பழுதில்லை. வீட்டுப் பெட்டிக்காக 1986இல் வந்த பதிப்பில் இரண்டுதான். அந்தப் பெட்டி ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருக்களுக்கு மேல் காட்டாது, கூடினால் மினுங்கும். லேசரும் அதில் கட்டையாகத்தான் வரும்.

மேல மேல கீழ கீழ என்று ஒரு மந்திரம் இருக்காமே?

அந்த வீட்டுப் பதிப்பில்தான் அது பிறந்தது. அதைச் செய்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்குத் தன் விளையாட்டைத் தானே சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததாம். அதனால் தனக்கென்று வைத்த குறுக்குவழி உள்ளேயே தங்கிவிட்டது. 2020இல் அவர் காலமானார். விளையாட்டை இடைநிறுத்தி, மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, பிறகு தொடருங்கள். அநேகமான ஆயுதம் ஏறிவிடும். காசுப் பெட்டிப் பதிப்பில் தேட வேண்டாம். 'கிராடியஸ் 3' இன் சூப்பர் நின்ரெண்டோ பதிப்பில் இதே மந்திரத்தை அப்படியே போட்டால் கலம் தானே வெடிக்கும், செய்தவர்களுக்கும் பகிடி தெரிந்திருக்கிறது.

தொடங்க முந்தி ஒரு பாட்டோடு எண்ணிக்கை குறையுமாமே?

அது முதலில் வந்த காசுப் பெட்டிகளில். விளையாட்டு காந்தக் குமிழ் நினைவகம் என்ற ஒன்றில் பதிந்திருந்தது. அது சூடேறினால்தான் வேலை செய்யும். சூடேறும்வரை திரையில் எண் இறங்கிக்கொண்டிருக்க, மெட்டு ஒன்று போகும். சித்திரை வெயிலில் எங்கள் கடையில் வைத்திருந்தால் பாட்டைக் கேட்கவே கிடைத்திருக்காது.

எங்கள் ரிவி கேமுக்கு மறுவளம். அதற்கு வேண்டியது 9 வோல்ட், பற்றறி தந்தது 12. மிஞ்சியதெல்லாம் வெப்பமாகத்தான் போகும் என்று இப்போது தெரியும். அப்போது ஈரச்சீலையைப் பெட்டிக்கு மேல் போட்டு விளையாடினோம். ஒரு நாள் சீலையைச் சரியாகப் பிழியவில்லை. அத்தோடு அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. தம்பி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கடைசியில் என்ன வரும்?

ஏழாம் ஸ்ரேஜின் கோட்டைக்குள் ஒரு பெரிய மூளை. அது சுடாது, சும்மா இருக்கும். சுட்டு முடித்தால் மறுபடி முதல் ஸ்ரேஜ், இன்னும் கடினமாக. முடிவு என்று ஒன்று இல்லை, பஸ் வருவதுதான் முடிவு.

கரண்ட் போனால் ஸ்கோர் போயிடுமா?

கொம்பியூட்டரில் போகும். எமுலேட்டரில் இடையில் சேமிக்கலாம், 2025இல் கொனாமி வெளியிட்ட 'கிராடியஸ் ஒரிஜின்ஸ்' தொகுப்பில் பின்னோக்கிச் சுற்றவும் வழி இருக்கிறது. பழகுவதற்குச் செய்யுங்கள், பிழை இல்லை. ஆனால் அப்படி எடுத்த ஸ்கோரை மேசையில் இருக்கிற கொப்பியில் எழுத விடமாட்டேன்.

கொப்பிக்குக் கரண்ட் தேவையில்லை. முதல் இடத்தில் இருப்பது ஓர் ஓ.எல். படிக்கிற தங்கச்சி. பெயர் போட வெட்கம், "தாய்க்கோழி" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குக் கீழே அந்த ஐந்து ஸ்பீட் தம்பி, பன்னிரண்டாம் இடத்தில்.